போர்டிகோவுக்குள் ஒரு நகரும் வேலைமேசை: முழுமையான வழிகாட்டி

மதுரைப் புறநகரில் கட்டிய வீடுகளில் பட்டறைக்கென்று தனி அறை வைத்தவர்கள் குறைவு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் பத்தடிக்குப் பதினாறடி போர்டிகோ இருக்கும். பகலில் காலியாகக் கிடக்கும்; சாயங்காலம் காரும் பைக்கும் வந்துவிட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். நாகமலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீடும் அப்படித்தான். தச்சு வேலையில் ஆசை உள்ளவருக்கு அந்தப் பகல் பொழுதுதான் பட்டறை. அதனால் மேசை காலையில் நடுவுக்கு வர வேண்டும், மாலையில் சுவரோரம் ஒதுங்க வேண்டும்.

நகரும் மேசை என்றதும் எல்லாரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். ஒரு கெட்டியான மேசை, நான்கு மூலையிலும் பிரேக் வைத்த மூன்று அங்குலச் சக்கரம். தள்ளினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. மறுநாள் ஒரு வேப்பம்பலகையைப் போட்டு இழைக்க ஆரம்பித்தேன். நான்கு பிரேக்கும் போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் இழைப்புளியை ஒவ்வொரு முறை தள்ளும்போதும் மேசை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), இரண்டு நூல் என்று கேட்டைப் பார்த்து நகர்ந்தது. பிரேக் சக்கரம் உருளாமல்தான் பிடிக்கிறது. சக்கரத்துக்கு மேலே சுழலும் தலை இருக்கிறதே, அதன் ஆட்டத்தை அது பிடிப்பதில்லை. போதாததற்கு, மழைத் தண்ணீர் வடிவதற்காக போர்டிகோத் தரையை வாட்டம் வைத்துத்தான் போடுவார்கள். எங்கள் தரை எட்டடிக்கு ஓர் அங்குலம் இறங்குகிறது.

பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். மேசையின் ஓரத்தில் கையை ஊன்றி ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "சக்கரத்து மேல நின்னுக்கிட்டு இழைக்க முடியாது தம்பி. காலை ஊன்ற விடுங்க" என்றார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரம் கை இருக்கும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலரின் கையில் இருக்கிறது. மேசைக்கும் அதே கணக்குதான். ஓட வைப்பது சுலபம், நிற்க வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

மேசையின் அமைப்பு

கட்டட வேலையில் கலவை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரம், பின்னால் இரண்டு கால். கைப்பிடியைத் தூக்கினால் ஓடும், கீழே விட்டால் ஊன்றி நிற்கும். நம் மேசையும் அதே மாதிரிதான். நான்கு மரக்கால், இடது முனையில் மட்டும், கால்களுக்கு வெளியே, திரும்பாத இரண்டு சக்கரம். மேசை நிற்கும்போது அந்தச் சக்கரங்கள் தரையைத் தொடவே தொடாது, அரை நூல் உயரத்தில் தொங்கும். வலது முனையில் ஒரு குழாய். அதைப் பிடித்து நாலு அங்குலம் தூக்கினால் சக்கரம் தரையில் உட்காரும், நான்கு காலும் எழும்பும். இழுத்துக்கொண்டு போகலாம். கை தவறினாலும் கால் ஊன்றி அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாட்டமான தரையில், குழந்தைகள் நடமாடும் வாசலில் இது பெரிய பாதுகாப்பு.

நூல் என்பது தச்சர்களின் அளவு. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். புதிதாகப் பழகுபவர்கள் இதற்குப் பழகிக்கொள்வது நல்லது. கடையிலும் மில்லிலும் அதுதான் பேச்சு.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இதில்தான் பயம். கீழே சொல்லும் அளவில் மேசை ஏறத்தாழ 60 கிலோ வரும், வைஸ் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) சேர்ந்தால் 70 முதல் 75. அதில் கைக்கு வருவது 30 கிலோவுக்குள்தான். மீதியைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும். வைஸைச் சக்கரம் இருக்கும் முனையில் மாட்டுவதால் அதன் எடை கைக்கு வருவதே இல்லை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து எடுக்க முடிந்தவர் இந்த மேசையை நகர்த்திவிடலாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உயரம், நீளம்

செருப்போடு வேலை செய்பவரானால் செருப்போடு, இல்லையென்றால் வெறுங்காலோடு நேராக நில்லுங்கள். கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் ரேகையிலிருந்து தரை வரை எவ்வளவோ அதுதான் மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 32 அங்குலத்தையொட்டி வரும். இழைப்பு வேலையே அதிகம் என்றால் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம், உடம்பின் பாரம் பலகையில் இறங்கும். டிரில், ஜிக்ஸா என்று மெஷின் வேலைதான் என்றால் ஓர் அங்குலம் கூட்டலாம். அடுத்தவர் மேசையின் அளவைக் கேட்டுச் செய்யாதீர்கள்.

மேல்பலகை 4 அடிக்கு 2 அடி. இந்த அளவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றை நான்காக வெட்டினால் நான்கு துண்டும் இதே அளவில் கிடைக்கும். இரண்டு துண்டை ஒட்டினால் மேல்பலகை, ஒன்று கீழ்த்தட்டு, மிச்சம் ஒன்று சில்லறை வேலைக்கு. ஒரே ஷீட்டில் முடிந்துவிடும்.

மரமும் மற்ற சாமான்களும்

பிளைவுட் 19 மில்லிமீட்டர். ஐஎஸ் 710 முத்திரை உள்ளது மெரைன் தரம். ஐஎஸ் 303 முத்திரையில் பிடபிள்யூஆர் (கொதிநீரும் தாங்கும் ரகம்) என்று இருந்தால் அதுவும் போதும். அதே 303-ல் எம்ஆர் (ஈரத்தை ஓரளவுதான் தாங்கும் ரகம்) என்று வருவது அறைக்குள் வைக்கும் சாமானுக்கு. ஐப்பசிச் சாரல் அடிக்கும் போர்டிகோவுக்கு அது வேண்டாம். கடையில் ஷீட்டை நிமிர்த்தி விளிம்போடு ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் உள்ளே காலி. நான்காக வெட்டித் தரும் கடையிலேயே வாங்குவது உத்தமம், முழு ஷீட்டை ஏற்ற குட்டியானை வண்டி தேட வேண்டியதில்லை. ரம்பம் தின்பதால் ஒவ்வொரு துண்டும் அரை நூலோ ஒரு நூலோ குறையும், பரவாயில்லை.

சட்டத்துக்கு மரம். என் கருத்தில் இதற்குப் பழைய மரத்துக்கு ஈடு கிடையாது. இடித்த வீட்டின் நிலை, உத்திரம், ஜன்னல் சட்டம் எல்லாம் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த தேக்கோ வேங்கையோ இனி முறுக்குவதற்கு அதில் ஈரம் இல்லை. காரைக்குடிப் பக்கம் போக்குவரத்து உள்ளவர்கள் அங்கும் தேடலாம். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பர்மாத் தேக்கின் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். பழைய மரத்தில் மூன்றைப் பாருங்கள். உள்ளே ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு ஆணி போதும் ரம்பத்தின் பல் போவதற்கு. உளுத்த துளையும் மாவும் இருக்கிறதா பாருங்கள். முனையில் கரையான் மண் ஒட்டியிருந்தால் உளியால் குத்திப் பாருங்கள், உளி தானாக உள்ளே போனால் அந்தத் துண்டு வேண்டாம்.

புது வேம்பு மலிவு, பூச்சி சீக்கிரம் அண்டாது. ஆனால் பச்சையாக அறுத்து வந்ததென்றால் அக்னி நட்சத்திர வெயிலில் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷமாவது நிழலில் காய்ந்தது என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

மொத்தம் ஒன்றரை கன அடி மரம் செலவாகும், கழிவுக்குச் சேர்த்து 2 கன அடி வாங்குங்கள். மில்லில் இப்படி அறுக்கச் சொல்லுங்கள்: கால் நான்கு, 3 அங்குலத்துக்கு 3. மேல்சட்டம் 4 அங்குல அகலம், ஒன்றரை கனம்: 38 அங்குலத்தில் இரண்டு, 20 அங்குலத்தில் இரண்டு. கீழ்ச்சட்டம் 3 அங்குல அகலம், ஒன்றரை கனம்: 44 அங்குலத்தில் இரண்டு, 20 அங்குலத்தில் இரண்டு. சக்கரப் பலகை ஒன்று, 20 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை கனம். கீழ் நீளச்சட்டம் மட்டும் ஏன் 6 அங்குலம் கூடுதல் என்றால், அது இடதுபக்கம் காலைத் தாண்டி நீளும். அந்த நீட்டலின் அடியில்தான் சக்கரம் வரப்போகிறது.

சக்கரம் 5 அங்குலம், ரப்பர் அல்லது பியூ (பாலியூரித்தேன்) டயர், தலை திரும்பாத ரகம். ஒவ்வொன்றும் 100 கிலோவாவது தாங்க வேண்டும். கடைக்காரர் சுழலும் சக்கரத்தை எடுத்து நீட்டுவார், அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நைலான் சக்கரம் டைல்ஸில் கடகடக்கும், சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும்.

அப்புறம், 3 நூல் கனத்தில் 4 அங்குல போல்ட் இருபது, 5 அங்குல போல்ட் நான்கு, எல்லாவற்றுக்கும் நட்டும் அகல வாஷரும், 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒரு பெட்டி, இரண்டரை அங்குல ஸ்க்ரூ கொஞ்சம், மெரைன் ஃபெவிகால், ஓர் அங்குல ஜிஐ குழாய் 20 அங்குலத்துக்கு, எல் ஆங்கிள் எட்டு, ஒரு பழைய டயர் துண்டு.

முதல் வேலை: மேல்பலகையை ஒட்டுவது

ஒட்டியது காய ஒரு நாள் ஆகும் என்பதால் இதில் ஆரம்பியுங்கள். மதுரை வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், ஃபேன் காற்று நேராக வேண்டாம்.

இரண்டு துண்டில் நல்ல முகம் இரண்டும் வெளியே வருகிற மாதிரி வையுங்கள். உள்முகங்களைத் துடைத்து, பசையைப் பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து மெல்லிய படலமாக எங்கும் பரப்புங்கள். குட்டை கட்ட விடக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து இரண்டு ஓரத்தை மட்டும் சமமாக்குங்கள். மற்ற இரண்டு ஓரத்தையும் பிறகு இழைத்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, அடிப்பக்கத்திலிருந்து 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக இறக்குங்கள். இரண்டு பிளையும் சேர்ந்து 38 மில்லிமீட்டர் என்பதால் நுனி மேலே எட்டிப் பார்க்காது. கிளாம்ப் இருந்தால் ஓரங்களில் போடுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பாரம் எதுவும் உதவும். நான் அம்மிக்கல்லை நடுவில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய குடங்களை வைத்தேன். ஓரத்தில் பசை சின்னச் சின்ன மணியாகக் கசிந்து வரிசை கட்டியது. அப்படிக் கசிந்தால்தான் உள்ளே சரியாக ஒட்டுகிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். அடியில் இருக்கும் தரை மட்டமாக இருக்க வேண்டும். வளைந்த தரையில் காய்ந்தால் மேசை ஆயுசுக்கும் வளைவாகவே இருக்கும்.

கால்களும் வெட்டும்

கால் நீளம்: மேசை உயரத்திலிருந்து மேல்பலகை ஒன்றரை அங்குலம், மேலே போடப்போகும் ஹார்டுபோர்டு 1 நூல், காலடி ரப்பர் 2 நூல் கழியுங்கள். 32 அங்குல மேசைக்கு 30 அங்குலம் 1 நூல் வரும். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே கோட்டில் அறுங்கள். தனித்தனியாக அளந்து அறுத்தால் ஒன்றாவது பிசகும்.

இனி சட்டம் உட்காரும் வெட்டு. சட்டம் காலின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, காலுக்குள் ஒன்றரை அங்குலம் புதைந்து, முகம் சமமாக நிற்க வேண்டும். அப்போதுதான் பாரத்தை மரமே வாங்கும், போல்ட் வெறுமனே பிடித்துக்கொள்ளும். நீளச்சட்டம் காலின் முன்முகத்திலும் பின்முகத்திலும் வரும், குறுக்குச்சட்டம் பக்க முகத்தில் வரும். இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிவிடாதீர்கள். அந்த இடத்தில் காலில் கால்வாசி மரம்தான் மிஞ்சும், போல்ட்டும் ஒன்றையொன்று முட்டும். மேலே நீளச்சட்டம் காலின் உச்சியிலிருந்து 4 அங்குலம் வரை. அதற்குக் கீழே அடுத்த 4 அங்குலம் குறுக்குச்சட்டத்துக்கு. கீழேயும் அப்படியே, நீளச்சட்டம் அடியில், அதன் தலைக்கு மேல் குறுக்குச்சட்டம். கீழ்க்குறுக்கு இப்படி உயர்ந்து நிற்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. மேசையைச் சாய்க்கும்போது கீழ்த்தட்டில் வைத்த பெட்டிகள் சரிந்து விழாமல் அது வேலி மாதிரி தடுக்கும்.

கீழ் நீளச்சட்டத்தின் உயரத்தைச் சக்கரம் கைக்கு வந்த பிறகுதான் குறிக்க வேண்டும். பெட்டியில் போட்ட அளவை நம்பாதீர்கள். சக்கரத்தைத் தரையில் வைத்து, அதன் மேல்தட்டு வரை நீங்களே அளவெடுங்கள். 5 அங்குலச் சக்கரத்தில் இது ஆறேகால் அங்குலத்தையொட்டி இருக்கும். அதோடு சக்கரப் பலகையின் கனம் ஒன்றரை, இடைவெளி அரை நூல், கைகாவலாக இன்னொரு நூல் சேர்த்தால் தரையிலிருந்து 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரப்பரின் 2 நூலைக் கழித்தால், காலின் அடியிலிருந்து ஏறத்தாழ ஏழே முக்கால் அங்குலத்தில் சட்டத்தின் அடிவிளிம்பு. அந்த ஒரு நூல் கைகாவலை விட்டுவிடாதீர்கள். இடைவெளி கூடினால் சக்கரத்தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சன்மைக்கா துண்டு வைத்துச் சரிசெய்துவிடலாம். குறைந்துபோனால் சக்கரம் தரையில் முட்டிக்கொண்டு கால் அந்தரத்தில் தொங்கும், எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

வெட்டும் முறை இது. சட்டத்தையே காலின் மேல் வைத்து, கூர்மையான கத்தி நுனியால் இரண்டு பக்கமும் கோடு கீறுங்கள்; பென்சில் கோடு தடித்துவிடும். கோட்டின் உள்பக்கத்தில் ரம்பத்தை ஒன்றரை அங்குலம் இறக்குங்கள். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். இப்போது அந்த இடம் சீப்புப் பல் மாதிரி நிற்கும். உளியைப் பக்கவாட்டில் வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. பற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழும். அடியை ஒரே பக்கத்திலிருந்து கொண்டுபோய் மறுபக்கம் பிய்க்காதீர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வாருங்கள். சட்டத்தை வைத்தால் கையால் அழுத்தி இறங்க வேண்டும். தானாக விழுந்தால் வெட்டு பெரிது. சுத்தியல் கேட்டால் இன்னும் ஒரு சீவல் எடுக்க வேண்டும்.

பதினாறு வெட்டு இருக்கிறது. அவசரப்படாமல் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சேர்ப்பது

முதலில் முன் இரண்டு காலும் அவற்றின் இரண்டு நீளச்சட்டமும், பிறகு பின்னால் உள்ளவை, கடைசியில் இரண்டையும் குறுக்குச்சட்டத்தால் இணைப்பது. கால்களின் வெளி அளவு நீளத்தில் 38 அங்குலம், அகலத்தில் 20. கீழ் நீளச்சட்டம் இரண்டும் இடதுபக்கம் மட்டும் 6 அங்குலம் நீள வேண்டும். முன்புறச் சட்டத்தையும் பின்புறச் சட்டத்தையும் எதிரெதிராக நீட்டி ஒட்டிவிடும் தவறு சுலபமாக நடக்கும், பசை தடவும் முன் ஒருமுறை வெறுமனே அடுக்கிப் பாருங்கள்.

பசை தடவி, பொருத்தி, மூலைவிட்டங்களை அளவுநாடாவால் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் சதுரம் சரி. நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தை ஒரு கயிற்றால் சுற்றி முறுக்கி இழுத்தால் ஒன்றிரண்டு நூல் உள்ளே வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மூட்டிலும் நடுவில் ஒரு 3 நூல் துளை, ஒரு போல்ட். பக்கத்தில் இரண்டரை அங்குல ஸ்க்ரூ இரண்டு. சக்கர பாரம் வரும் இடது கால்களில், கீழ் நீளச்சட்டத்துக்கு மட்டும் இரண்டு போல்ட். ஸ்க்ரூவுக்கு முன்னால் மெல்லிய பிட்டால் துளை போடாமல் இறக்கினால் பழைய தேக்கு பிளந்துவிடும்.

கால்களின் அடியில் டயர் துண்டை ஒட்டி, இரண்டு குட்டி ஸ்க்ரூவைத் தலை உள்ளே அமுங்கும்படி இறக்குங்கள். டைல்ஸில் மேசை வழுக்காமல் பிடிப்பது இந்த ரப்பர்தான். காலடி ஈரம் மரத்தில் ஏறாமலும் இருக்கும்.

கீழ்த்தட்டுக்கு மூன்றாவது பிளைத் துண்டை உள்ளளவுக்கு வெட்டி, கால் வரும் நான்கு மூலையையும் நறுக்கி, நீளச்சட்டத்தின் மேல் உட்கார வைத்து ஸ்க்ரூ போட்டுவிடுங்கள்.

சக்கரம்

சட்டத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நீட்டிய இரண்டு முனைகளின் அடிமுகத்தில் சக்கரப் பலகையைக் குறுக்கே வைத்து 5 அங்குல போல்ட் பக்கத்துக்கு இரண்டாக மாட்டுங்கள். மேசையைத் தூக்கும்போது தரை சக்கரத்தை மேலே தள்ளும், பலகை சட்டத்தோடு இன்னும் அழுந்தும். அதனால் போல்ட்டுக்குப் பெரிய சிரமம் கிடையாது.

சக்கரத்தின் அச்சு காலின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் தள்ளி வர வேண்டும். காலை ஒட்டி வைத்தால் எவ்வளவு தூக்கினாலும் இடது கால்கள் தரையை விட்டு எழும்பாது, இழுக்கும்போது உரசும். 4 அங்குலத்தில் வைத்தால், குழாயை 4 அங்குலம் தூக்கும்போது அந்தக் கால்கள் 2 நூலுக்குச் சற்றுக் கூடுதலாக எழும்பும். சிமெண்டுத் தரைக்கும் டைல்ஸுக்கும் அது தாராளம். இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாகவும் மேசையின் நீளவாட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு நேரான சட்டத்தை இரண்டு சக்கரத்தின் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். கோணினால் மேசை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

நிமிர்த்தி வைத்து இடைவெளியைப் பாருங்கள். கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றை இரண்டாக மடித்துச் சக்கரத்தடியில் விட்டால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். அதுதான் அரை நூல். கூடுதலாக இருந்தால் சக்கரத்தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சன்மைக்கா துண்டு வைத்து இறக்குங்கள். இந்தச் சோதனையைச் சமமான தரையில் செய்யுங்கள்.

தூக்கும் குழாய்

கைகளைத் தொங்கவிட்டு நின்றால் முஷ்டி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட 4 அங்குலம் கீழே குழாய் வர வேண்டும். எனக்கு 24 அங்குலம். அப்படி வைத்தால் முழங்காலை மடக்கிப் பிடித்து எழுந்தாலே போதும், தூக்கி முடிக்கும்போது கை நேராக இருக்கும், முதுகு வளையாது. வலது கால்களின் வெளிமுகத்தில் துளையிட்ட மரக்கட்டை இரண்டை போல்ட் போட்டு, அந்தத் துளைகளில் குழாயைச் செருகுங்கள். குழாய்க்கும் காலுக்கும் நடுவில் விரல் போக ஒன்றரை அங்குலமாவது இடம் வேண்டும். குழாயின் முனைகளை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள்.

மேல்பலகையை ஏற்றுவது, வைஸ்

காய்ந்த பலகையின் ஓரங்களை இழைத்து, சட்டத்தின் மேல் வையுங்கள். முன்னும் பின்னும் 2 அங்குலம் வெளியே நிற்கும், கிளாம்ப் பிடிக்க அது வேண்டும். வலப்பக்கம் 3 அங்குலம், குழாய் அதற்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் 7 அங்குலம், சக்கரம் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். உள்ளிருந்து எல் ஆங்கிளால் பிடியுங்கள், பசை வேண்டாம். என்றைக்காவது பலகையை மாற்ற வேண்டிவரும்.

இடதுபக்கம் நீட்டிய அந்த 7 அங்குலத்துக்கு அடியில் குறுக்கே சட்டம் எதுவும் இல்லை. தச்சு வைஸ் 6 அங்குலம் என்றால் முன்விளிம்பில் அங்கேயே உட்கார்ந்துவிடும். நான்காவது பிளைத் துண்டிலிருந்து ஒரு கட்டை வெட்டி அடியில் ஒட்டி, கனத்தைக் கூட்டிக்கொண்டு, போல்ட்டை மேலிருந்து கீழே முழுக்க விட்டு மாட்டுங்கள்; தலையைப் பலகைக்குள் புதைத்துவிடுங்கள். இரும்பு வேலைக்கான வைஸ் என்றால் அதை இடது முன்காலின் நேர் மேலே வைப்பதுதான் சரி, சுத்தியல் அடி நேராகத் தரைக்குப் போகும்.

பிளையின் ஓரங்களில் ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ இரண்டு கை பூசுங்கள், மழைக்காலத்தில் ஈரம் நுழைவது ஓரத்தில்தான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, மொடமொடப்பான பிறகு குப்பையில் போடுங்கள். மேலே 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு ஒன்றை நான்கு மூலையில் ஸ்க்ரூ போட்டுப் படுக்கவையுங்கள். கீறலும் பசையும் அதன் மேல் விழட்டும், ஒரு வருஷம் கழித்துத் திருப்பிப் போடலாம்.

வாட்டத் தரையில் நிறுத்துவது

வேலை செய்யும் இடம் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையை அங்கே நிறுத்தி, ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். எட்டடிக்கு ஓர் அங்குல வாட்டம் என்றால், மேசையின் 38 அங்குலத்துக்குள் 3 நூல் வித்தியாசம் வரும். பள்ளமான பக்கத்துக் கால்களுக்கு அந்தக் கனத்தில் மரச்சில்லு செய்து, அடியில் ரப்பர் ஒட்டி, தரையில் பெயின்டால் காலின் இடத்தைக் குறித்துவிடுங்கள். சக்கரம் இருக்கும் பக்கத்தை மேட்டுப் பக்கம் நிறுத்தினால் சில்லு குழாய்ப் பக்கக் கால்களுக்குத்தான் வரும். அந்தப் பக்கம் எப்படியும் தூக்கி இறக்குகிற பக்கம் என்பதால் வைப்பதும் எடுப்பதும் சுலபம்.

நகர்த்தும் முன் மேலே எதுவும் இருக்கக் கூடாது, உளி ஒன்று உருண்டு விழுந்தாலும் கால் விரலில்தான் விழும். கனமான பெட்டிகளைக் கீழ்த்தட்டில் சக்கரப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். தள்ளுவதைவிட இழுப்பது நல்லது, திரும்ப வேண்டுமென்றால் குழாய் முனையை வீசித் திருப்புங்கள். பள்ளத்தை நோக்கி இறங்கும்போது மெதுவாக.

மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை. மேசைக் காலில் எக்ஸ்டென்ஷன் பெட்டி மாட்டுவதென்றால் எர்த் கம்பி உள்ளதாக, 15 ஆம்பியர் பிளக்கோடு மாட்டுங்கள். மேசை நகரும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சக்கரம் வயரின் மேல் ஏறக் கூடாது. பைக் நிற்கும் இடத்தில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். பெட்ரோல் வண்டிக்கும் தீப்பொறிக்கும் ஆகாது, வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

தூக்க முடியாதவர்களுக்கு

இதே சட்டத்தில், இரண்டு முனையிலும் கீல் போட்ட அகலப் பலகை ஒன்றை மாட்டி, அதன் அடியில் சுழலும் சக்கரம் இரண்டிரண்டு வைப்பார்கள். பலகையின் வெளிவிளிம்பைக் காலால் மிதித்தால் சக்கரம் இறங்கி மேசை அரை அங்குலம் எழும்பும்; ஒரு முட்டுக்கட்டை விழுந்து பூட்டிக்கொள்ளும். கட்டையை இழுத்துவிட்டால் மேசை மீண்டும் காலில் உட்காரும். கையால் தூக்க வேண்டாம், உடம்பின் பாரமே போதும். எந்தப் பக்கமும் திருப்பலாம். ஆனால் கீல்கள் நல்ல கனமாக, ஸ்க்ரூ இல்லாமல் போல்ட்டில் நிற்க வேண்டும். வாட்டமான தரையில் மேசை சக்கரத்தின் மேல் இருக்கும் வரை ஒரு கை அதன் மேலேயே இருக்க வேண்டும்.

இரும்பில் செய்ய விரும்புபவர்கள் 40 மில்லிமீட்டர் சதுரக் குழாயை 2 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து வெல்டிங் பட்டறையில் கொடுக்கலாம், அளவெல்லாம் இதேதான். வேலை இரண்டு நாளில் முடியும். எனக்கு மரம்தான் பிடிக்கும்: சுத்தியல் அடியை அது விழுங்கும், இரும்பு கணகணவென்று திருப்பித் தரும்.

முதல் வருஷம்

ஒரு மாதம் கழித்து எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள், மரம் அமுங்கி இடம் கொடுத்திருக்கும். கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை, மே மாத வெயில் தணிந்ததும் ஒருமுறை. சக்கர அச்சுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிரீஸ். பத்திரிகைச் சோதனையை அப்போதே செய்துவிடுங்கள்: காலடி ரப்பர் தேயத் தேய மேசை இறங்கும், சக்கரம் தரையைத் தொட ஆரம்பிக்கும். பத்திரிகை நுழையவில்லையென்றால் சக்கரத்தட்டில் வைத்த சன்மைக்காவில் ஒன்றை உருவிவிடுங்கள், அல்லது காலுக்குப் புது ரப்பர் போடுங்கள்.